பெட்டியில் எழுதியிருப்பதும் கைக்கு வந்து சேருவதும்: சின்ன ட்ரில்லும் இம்பாக்ட் டிரைவரும்

பார்ட்டிகிள் போர்டு அலமாரியில் கீல் மாட்ட இம்பாக்ட் டிரைவரை எடுத்தால் என்ன நடக்கிறது என்று ஒரு தரம் கவனியுங்கள். 4 மி.மீ. கனம், 16 மி.மீ. நீளம், சாதாரண ஸ்க்ரூ. விசையைத் தொட்டதுமே சரசரவென்று இறங்கித் தலை கீலில் உட்காரும். விரலை எடுப்பதற்குள் இன்னும் ஒரு சுற்று சுற்றியிருக்கும். தூளை ஒட்டி அமுக்கிச் செய்த பலகைதானே, மரை பிடித்திருந்த இடம் மாவாக உதிர்ந்துவிடும். பிறகு எந்தப் பக்கம் திருகினாலும் அந்த ஸ்க்ரூ சும்மா சுற்றும். அதே ஸ்க்ரூவை, கிளட்சை (முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் பிடியை விடும் வளையம்) 3-லோ 4-லோ வைத்த ட்ரில்லில் இறக்கினால், தலை உட்கார்ந்ததும் 'கிர்ர்' என்று சத்தம் வரும். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும், ஸ்க்ரூ நின்றிருக்கும்.

நேரெதிர் வேலை, 6 மி.மீ. கனத்தில் 100 மி.மீ. நீள ஸ்க்ரூவைக் கட்டைக்குள் இறக்குவது. சின்ன ட்ரில் முக்கால்வாசி போய் முனகி நிற்கும், நிற்கும்போது மணிக்கட்டைத் திருகிவிட்டு நிற்கும். இம்பாக்ட் டிரைவரோ டகடகவென்று தட்டிக்கொண்டே உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஒரு கை போதும்.

இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால்தான் குழப்பமே. உள்ளே இருக்கும் சங்கதி வேறு. ட்ரில்லில் மோட்டார், கியர், பிட்டை (துளைக்கும் அல்லது திருகும் முனையை) பிடிக்கும் சக் எல்லாம் ஒரே சங்கிலி. ஸ்க்ரூ எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவும் திரும்பிக் கைக்கு வரும். இம்பாக்ட் டிரைவரில் கியருக்கும் பிட்டுக்கும் நடுவே ஒரு சுத்தியலும் ஒரு பட்டறைக்கல்லும் உண்டு. சுத்தியலைப் பின்னாலிருந்து சுருள்வில் தள்ளிக்கொண்டிருக்கும். சுமை குறைவாக இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். எதிர்ப்பு கூடினால் சுத்தியல் சாய்வான பள்ளத்தில் பின்னேறி, வில்லை அமுக்கி, பட்டறைக்கல்லின் காதைத் தாண்டி விடுபட்டு, அடுத்த காதில் ஓங்கி அடிக்கும். இப்படி நிமிடத்துக்கு 3000 அடிக்கு மேல். ஒவ்வொரு அடியும் கண நேரந்தான் என்பதால் கைக்கு வரும் எதிர்விசை கொஞ்சம். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இந்த அடி சுற்றுகிற திசையில் விழுவது, முன்னோக்கி அல்ல. பெயரில் 'இம்பாக்ட்' இருக்கிறதே என்று இதை வைத்துக் கான்கிரீட்டைக் குடைய முடியாது.

ஆகவே துளை போடவும், மென்மையான பலகையில் சின்ன ஸ்க்ரூ இறக்கவும் ட்ரில். நீளமான, தடித்த ஸ்க்ரூவுக்கும் துருப்பிடித்து இறுகிய போல்ட்டைக் கழற்றவும் இம்பாக்ட் டிரைவர். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் ட்ரில்தான். ட்ரில்லால் ஸ்க்ரூ இறக்கலாம், நேரமாகும், அவ்வளவே. இம்பாக்ட் டிரைவரால் சுத்தமான துளை போடுவது அரைகுறைதான். அதன் வாயில் 6.35 மி.மீ. அறுகோணத் தண்டு மட்டுமே நுழையும், பிட் லேசாக ஆடும், தட்ட ஆரம்பித்தால் 2 மி.மீ. பிட்டெல்லாம் படக்கென்று முறியும்.

வோல்ட், ஆம்பியர், நியூட்டன் மீட்டர்

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது வோல்ட். லித்தியம் அயன் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழு சார்ஜில் 4 வோல்ட்டைத் தாண்டி 4.2 வரை போகும். மூன்று செல்லை வரிசையாக இணைத்தால் 10.8 அல்லது '12 வோல்ட் மேக்ஸ்'. ஐந்து செல் என்றால் 18 அல்லது '20 வோல்ட் மேக்ஸ்'. 10.8-உம் 12-உம் ஒன்றேதான், 18-உம் 20-உம் ஒன்றேதான். டிவால்ட் ஒரு நாட்டில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் இன்னொரு நாட்டில் 18 வோல்ட் என்று விற்பதும் ஐந்து செல் பேட்டரியைத்தான். எண்ணில் இரண்டு கூடியிருக்கிறதே என்று கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

உண்மையில் கேட்க வேண்டியது 12-ஆ, 18-ஆ என்பது. பரணில் திரைச்சீலைக் கம்பி, சமையலறை அலமாரிக் கீல், கட்டில் பாகங்களைப் பூட்டுவது, 8 மி.மீ. வரை மரத்துளை, 6 மி.மீ. வரை இரும்புத்துளை இவ்வளவுதான் வேலை என்றால் 12 வோல்ட் தாராளம். பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோ அளவில்தான் இருக்கும், அலமாரிக்குள் தலையை நுழைத்து வேலை செய்யும்போது அதன் அருமை தெரியும். 35 மி.மீ.க்கு மேல் ஹோல்சா (வட்டத் துளை வெட்டும் கிண்ண ரம்பம்), 20 மி.மீ.க்கு மேல் தட்டை பிட், தினமும் 80 மி.மீ.க்கு மேல் ஸ்க்ரூ, இந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் 18. 'எதற்கும் இருக்கட்டும்' என்று 18 வோல்ட்டில் பெரிய மாடலை வாங்கிவிட்டு, தலைக்கு மேல் பத்து ஸ்க்ரூ போட்டதும் தோள் கழன்று உட்காருவதுதான் அதிகம் நடக்கிறது.

ஆம்பியர்-ஹவர் தனியாகப் பார்த்தால் ஏமாறுவோம், வோல்ட்டோடு பெருக்க வேண்டும். 10.8 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 21.6 வாட்-ஹவர். 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவரில் 36. ஆனால் 10.8-இல் 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி போட்டால் 43 வருகிறது. அதாவது சின்ன மெஷினும் பெரியதைவிட நேரம் தாங்கும். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. 18 வோல்ட் 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் ஐந்து செல் ஒரே வரிசை. 4 ஆம்பியர்-ஹவரில் பெரும்பாலும் இரண்டு வரிசை, பத்து செல். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை இரண்டு வரிசையும் பங்கு போட்டுக்கொள்வதால் செல் சூடாவதும், சுமையில் வோல்ட் சரிவதும் குறைவு. ஹோல்சா போடும்போது சின்ன பேட்டரியில் திக்கி நின்ற அதே ட்ரில், பெரிய பேட்டரி மாட்டினதும் ஓடிவிடுவது இதனால்தான். பதிலுக்குக் கால் கிலோ எடை கூடும். ஒரு சின்னது, ஒரு பெரியது என்று இரண்டு பேட்டரி வைத்துக்கொள்வது என் சிபாரிசு.

அடுத்து முறுக்குவிசை. ட்ரில் பெட்டியில் 30 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இறுகிய இணைப்பில் சட்டென்று நிற்கும்போது வரும் உச்ச எண். மரத்தில் படிப்படியாக இறங்கும்போது கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதி. சில நிறுவனங்கள் 'மென்மை, கடினம்' என்று இரண்டு எண்ணும் தருவார்கள், தருபவர்களை நம்பலாம். 30 நியூட்டன் மீட்டர் என்பது ஓரடிக் கம்பியின் நுனியில் 10 கிலோ தொங்குகிற மாதிரி. நம் கை கைப்பிடியைப் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து அரையடிக்கும் குறைவு. அப்படியானால் பிட் சிக்கிக்கொள்ளும்போது கை தாங்க வேண்டியது 20 கிலோவுக்கும் மேல். 60 நியூட்டன் மீட்டர் என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது மணிக்கட்டுக்கும் சேர்த்துத்தான். பக்கவாட்டுக் கைப்பிடி கொடுத்திருந்தால் பெரிய துளைக்கு அதை மாட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். இம்பாக்ட் டிரைவரின் எண், 12 வோல்ட்டில் 100-க்கு மேல், 18-இல் 150-க்கு மேல், இந்தக் கணக்கோடு ஒப்பிடக்கூடாதது. அது அடியின் அளவு.

பிரஷ்லெஸ் வாங்கலாமா? பட்ஜெட் இடம் கொடுத்தால் வாங்கலாம். கார்பன் பிரஷ் உரசாததால் சூடு குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் வேலை, மோட்டார் நீளமும் குறைவு. மாதம் ஒரு முறை படம் மாட்டுகிறவருக்குப் பிரஷ் மோட்டாரே வருடக்கணக்கில் ஓடும். அந்தப் பணத்தை நல்ல பிட்களில் போடுவது புத்திசாலித்தனம்.

சுவர்

'ஹாமர்' வசதி இருந்தால் எந்தச் சுவரையும் குடையலாம் என்பது பெரிய நம்பிக்கை. சின்ன ஹாமர் ட்ரில்லில் இருப்பது பல்வைத்த இரண்டு வட்டத் தகடுகள். ஒன்றின்மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும்போது பிட் முன்னும் பின்னும் அதிரும். நிமிடத்துக்கு 20,000 அதிர்வுக்கு மேல் வரும், ஆனால் ஒவ்வொன்றும் பூனை தட்டுகிற மாதிரி. அந்த அதிர்வுக்கும் பின்னாலிருந்து நாம்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். செங்கல்லுக்கும் பூச்சுக்கும் இது போதும். 6 மி.மீ. துளை அரை நிமிடத்தில் முடியும்.

ஜன்னலுக்கு மேல் திரைச்சீலைக் கம்பி மாட்டும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம். அங்கே இருப்பது லிண்டல், கம்பி கட்டிய கான்கிரீட். 15 மி.மீ. போனதும் பிட் நின்றுவிடும், தூள் வராது, முனை நீலம் பாரித்துவிடும். இன்னும் அழுத்தினால் முனையிலுள்ள கார்பைடு துண்டு கழன்றுவிடும். அதற்குத் தேவை எஸ்டிஎஸ் ரோட்டரி ஹாமர். அதில் பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது. அடி எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு அடியும் கனம். நாம் லேசாக அழுத்திப் பிடித்தால் போதும். வருடத்துக்கு நாலு துளைக்கு அதை வாடகைக்கோ இரவலோ எடுங்கள். கையிலிருக்கும் ட்ரில்லின் ஹாமர் வசதிக்காக எடையும் நீளமும் கூடின மாடலை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

6 மி.மீ. ராவல் பிளக்குக்கு (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த்துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை) 6 மி.மீ. பிட், 8-க்கு 8. பிளக் நீளத்தைவிட 10 மி.மீ. ஆழமாகத் துளையிட்டால் உள்ளே தங்கும் தூளுக்கு இடம் கிடைக்கும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். துளைத்த பின் தூளை ஊதி எடுக்காவிட்டால் பிளக் பாதியில் நின்று மடங்கும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும், நேர் பக்கவாட்டிலும் வயர் ஓட வாய்ப்பு அதிகம், அந்தக் கோடுகளில் துளைக்காதீர்கள். குளியலறையில் குழாய்க்கும் இதே எச்சரிக்கை.

டைல்ஸில் ஹாமரை அணைத்துவிட வேண்டும், மறந்தால் டைல் விரியும். டேப் ஒட்டி அதன் மேல் குறி வைத்தால் பிட் வழுக்காது. சாதாரண சுவர் டைலுக்கு ஈட்டி முனை கார்பைடு பிட் போதும். கெட்டியான விட்ரிஃபைட் டைலுக்கு வைரத்தூள் ஒட்டிய குழல் பிட்தான். அதைச் சாய்த்து வைத்துப் பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். நனைத்த ஸ்பஞ்சால் இடத்தை ஈரமாக வைத்திருங்கள், மெஷின் மேல் தண்ணீர் போகாமல். டைலைத் தாண்டிச் சுவர் வந்த பிறகு பிட்டை மாற்றி, தேவையென்றால் ஹாமரைப் போடலாம்.

மரமும் இரும்பும்

மரத்தில் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மெஷின் காரணமில்லை, முன்துளை போடாததுதான் காரணம். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2 முதல் 2.5 மி.மீ., தேக்கு மாதிரி கெட்டியானதில் 3 மி.மீ. வேண்டும். ஸ்க்ரூ 5 மி.மீ. என்றால் 3 முதல் 3.5. எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) ஓரத்தில் ஸ்க்ரூ போவதாக இருந்தால் அதன் முழு நீளத்துக்கும் துளை வேண்டும், இல்லையென்றால் பலகை ஏடு ஏடாகப் பிளக்கும். இரண்டு பலகையைச் சேர்க்கும்போது மேல்பலகையில் ஸ்க்ரூ தாராளமாக நுழையும் அளவுக்குத் துளை வேண்டும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4.5. மரை இரண்டு பலகையையும் கடித்துக்கொண்டால் நடுவே நூலளவு இடைவெளி அப்படியே நிற்கும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. உடனே 'மெஷினுக்கு சக்தி போதவில்லை' என்று தோன்றும். ஸ்க்ரூவைக் கழற்றி மேல்துளையைப் பெரிதாக்கினால் சாதுவாக ஒட்டிக்கொள்ளும்.

பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் இறக்கி மரை வெட்டிக் கழற்றுங்கள். பிறகு பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவிக் கையாலேயே திருகுங்கள். இம்பாக்ட் டிரைவரில் போட்டால் தலை மட்டும் தனியாக வந்துவிடும்.

கீல் கிண்ணத்துக்கு 35 மி.மீ. பிட். கதவு ஓரத்திலிருந்து 4 மி.மீ. விட்டுக் கிண்ணம் வர வேண்டுமென்றால் மையப்புள்ளி 21.5 மி.மீ.யில். ஆழம் ஏறக்குறைய 13. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிட்டின் நடுமுள் வெட்டும் விளிம்பைவிட 2, 3 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். 18 மி.மீ. பலகையில் தப்பிக்கலாம். 16 மி.மீ. பலகையில் அந்த முள் முன்பக்க லேமினேட்டைக் குத்திப் புள்ளி வைத்துவிடும். முள்ளைக் கொஞ்சம் அரம் போட்டுத் தேய்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. மெதுவாகச் சுற்றும் கியர் 1-இல் வையுங்கள், தூளை அடிக்கடி எடுங்கள். கியர் 2-இல் வைத்து அழுத்தினால் ட்ரில் திணறி நிற்கும், வாசனை வரும். அந்த வாசனை மோட்டார் சுருளின் காப்புப்பூச்சு வேகும் வாசனை. கியரை மாற்றும்போது மோட்டார் நின்றிருக்க வேண்டும். பல் சரியாக உட்காராவிட்டால் சக்கைக் கையால் லேசாகத் திருப்பினால் உட்கார்ந்துவிடும்.

இரும்பில் எதிரி வேகம். சாதா இரும்பில் 3 மி.மீ. எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டுக்கு ட்ரில்லின் முழு வேகமும் சரி. 6 மி.மீ.க்கு 1000 சுற்று அளவில், 10 மி.மீ.க்கு கியர் 1. துருப்பிடிக்காத எஃகுக்கு இதில் பாதிக்கும் கீழே, எண்ணெயோடு, விடாத அழுத்தத்தோடு. அழுத்தாமல் சும்மா சுற்றவிட்டால் அந்த இடம் உரசியே இறுகிப்போய், அப்புறம் எந்த பிட்டும் ஏறாது. சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்டி, 3 மி.மீ.யில் ஆரம்பித்துப் பெரிதாக்குங்கள். பிட் மறுபக்கம் வெளிவரும் கடைசி நொடியில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பிசிறில் கொக்கி மாட்டும். மெல்லிய தகட்டைக் கையில் பிடித்துத் துளைத்தால் அது காற்றாடி மாதிரி சுற்றி விரலை அறுக்கும். கிளாம்பு போடாமல் தகட்டைத் தொடக்கூடாது.

பிட்கள்

கூட்டல் குறி மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பிலிப்ஸ், அதாவது பிஎச், வெறும் கூட்டல். போசிடிரைவ், அதாவது பிஇசட், தலையில் கூட்டலுக்கு நடுவே மெல்லிய கீறலாக இன்னொரு குறுக்குக் குறி இருக்கும். பலகைகளைப் பூட்டப் பெட்டியில் வரும் ஸ்க்ரூக்கள் பல பிஇசட்2. அதில் பிஎச்2 பிட்டை வைத்தால் உட்கார்ந்த மாதிரி தோன்றும், முறுக்கும்போது மேலேறி வழுக்கும். நாலு தரம் வழுக்கினால் ஸ்க்ரூ தலையும் போச்சு, பிட்டும் போச்சு. நீள ஸ்க்ரூக்களுக்கு நட்சத்திரத் தலை வாங்குங்கள். 5 மி.மீ.க்குப் பெரும்பாலும் டி25, 4 மி.மீ.க்கு டி20. வழுக்குகிற பேச்சே இல்லை. இம்பாக்ட் டிரைவருக்கு நடுவில் இடுப்பு மெலிந்த, அடி தாங்கும் பிட்கள் தனியாக உண்டு. அந்த இடுப்பு லேசாக முறுக்கேறி அடியை வாங்கிக்கொள்ளும். சாதா பிட்டைப் போட்டால் முனை தெறிக்கும், எனவே கண்ணாடி அணிவது அவசியம். மூடிய அறையில் இம்பாக்ட் டிரைவரின் சத்தம் காதைக் கெடுக்கும் அளவுக்குப் போகும், காதடைப்பும் வேண்டும்.

வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

விசையை மிக மெதுவாக அமுக்குங்கள். சக் ஊர்ந்து ஊர்ந்து சுற்ற ஆரம்பித்தால் நல்ல விசை. எடுத்த எடுப்பிலேயே துள்ளினால் ஸ்க்ரூ ஆரம்பிக்கும்போது தினமும் அவஸ்தை. நீளமான நேர் பிட் ஒன்றை மாட்டி மெதுவாக ஓட்டி முனையைப் பாருங்கள். முனை வட்டம் போட்டால் சக் கோணல். ஆனால் தீர்ப்பு எழுதுமுன் ஒன்று. சக்கில் மூன்று தாடைகள். மெல்லிய பிட் இரண்டு தாடைக்கு நடுவே ஒதுங்கி மாட்டிக்கொண்டாலும் இதே ஆட்டம்தான். தளர்த்தி, பிட்டை நடுவில் நிறுத்தி, மூன்றும் ஒருசேரப் பிடிக்கிறதா என்று பார்த்து இறுக்கிப் பாருங்கள். விளக்கு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். விசைக்கு மேலிருந்தால் சக்கின் நிழல் துளைமேல் விழும். அடியில், பேட்டரிக்குச் சற்று மேலே இருந்தால் நிழல் குறையும். பிட் மாற்றும்போது முன்-பின் பொத்தானை நடுவில் தள்ளிப் பூட்டும் பழக்கம் முதல் நாளிலேயே வரட்டும்.

வாங்குவது மெஷினை அல்ல, பேட்டரிக் குடும்பத்தை. ஒரே நிறுவனத்தின் 12-உம் 18-உம் ஒன்றில் ஒன்று பொருந்தாது. மகிட்டாவின் 12 வோல்ட் சிஎக்ஸ்டி பேட்டரி 18 வோல்ட் எல்எக்ஸ்டி மெஷினில் ஏறாது. ஒரே வோல்ட்டிலும் வேறுபாடு உண்டு. பாஷின் வீட்டு உபயோகப் பச்சை 18 வோல்ட்டும் தொழில்முறை நீல 18 வோல்ட்டும் தனித்தனி. இன்னும் இரண்டு வருடத்தில் ஜிக்சா, சாண்டர் என்று என்னென்ன வாங்குவீர்கள் என்று யோசித்து, அவை எல்லாம் கிடைக்கும் குடும்பத்தில் சேருங்கள். ட்ரில்லும் இம்பாக்ட் டிரைவரும் ஒரே பெட்டியில் இரண்டு பேட்டரியோடு வரும் ஜோடி பெரும்பாலும் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. அந்தப் பேட்டரிகள் 1.5 ஆம்பியர்-ஹவரா, 2-ஆ என்று மட்டும் பொடி எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு முழுவதும் காலியாகும்வரை ஓட்ட வேண்டும் என்ற பழைய நிக்கல்-காட்மியம் கால வழக்கம் தேவையில்லை, கெடுதலும்கூட. வேகம் தளர்ந்ததும் சார்ஜில் போடுங்கள். சூடாக எடுத்து அப்படியே சொருகினால் நல்ல சார்ஜர் ஏற்றாமல் காத்திருக்கும், விளக்கு வேறு மாதிரி மினுக்கும். அது பழுதல்ல, ஆறினதும் தானே ஏற்றும். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் டப்பாவில் பேட்டரியைப் போடக்கூடாது. முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூ குறுக்கே விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும். மூடி கொடுத்திருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் முனைமேல் ஒரு துண்டு டேப். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜில் போட்டுப் பார்க்காமல், அதே டேப்பை ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.